பெரியவர்களின் குடலிறக்கம்: மறைக்கவும் வேண்டாம், பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் முதியோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

நம் பள்ளிவாசல் திண்ணையில் சர்க்கரையைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறோம். யாருக்கு எத்தனை பாயிண்ட், யாருக்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் மஹல்லாவுக்கே தெரியும். பிரஷரைப் பற்றிப் பேசுகிறோம். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் ஒரு நோயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இடுப்புக்குக் கீழே, தொடை சேருகிற இடத்தில் வருகிற வீக்கம். குடலிறக்கம் என்றும், இரணியா என்றும், ஹெர்னியா என்றும் சொல்கிறோமே, அதுதான். வந்த இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால், பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ உதவி கேட்டு வருகிற மனுக்களைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி வரை கூடப் போவதும் என் வேலை. அப்படிப் போன இடங்களில் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதிக்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது எப்படி வருகிறது?

சைக்கிள் டயரில் ஓரிடம் நைந்துபோனால் உள்ளே இருக்கும் டியூப் அந்த இடத்தில் பிதுங்கும் இல்லையா? அதேபோலத்தான் இதுவும். வயிற்றின் முன்பக்கச் சுவர் சதையாலும் சவ்வாலும் ஆனது. அதில் இயற்கையாகவே சில பலவீனமான இடங்கள் உண்டு. ஆண் குழந்தைக்கு விதை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கி வந்த பாதை அதில் ஒன்று. வயது ஏற ஏறச் சுவர் தளரும்போது, அந்த வழியாகக் குடலோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்போ வெளியே தள்ளுகிறது. நின்றால், இருமினால், முக்கினால் வீக்கம் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும்.

இது அபூர்வமான நோய் அல்ல. 100 ஆண்களை எடுத்துக்கொண்டால், ஆயுளில் எப்போதாவது சுமார் 27 பேருக்கு வருகிறது. பெண்களில் 100-க்கு 3 பேர். வயதானவர்களிடம்தான் அதிகம். ஆகவே இதை வைத்திருப்பவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள்பட்ட இருமல், பீடி சிகரெட் பழக்கம், மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்கவேண்டிய நிலை ஆகியவை இதைக் கிளப்பிவிடும், இருப்பதைப் பெரிதாக்கும். நம் ஊரில் இதை ‘ஓதம்’ என்று சொல்லி, விதைப்பையில் நீர் கோக்கும் நோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. எது என்று டாக்டர் நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பெரியவர்களுக்கு வந்த இந்த ஓட்டை தானாக மூடாது. லேகியம், எண்ணெய், பற்று, உடற்பயிற்சி எதுவும் அதை மூடாது. இடுப்பில் இறுக்கமாகக் கட்டும் பெல்ட் கொஞ்ச நேரம் உள்ளே தள்ளி வைக்குமே தவிர, குணமாக்காது. வீக்கம் வெளியே இருக்கும்போதே அதன்மேல் பெல்ட்டை இறுக்கினால் தோல் புண்ணாவதுடன் உள்ளே இருப்பதும் நசுங்கும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வெளியே வந்த குடல் உள்ளே போக முடியாமல் அந்த ஓட்டையின் வாயில் மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. முதலில் குடலின் பாதை அடைபடும். பிறகு அதற்குப் போகிற ரத்த ஓட்டம் நெரிபடும். ரத்தம் போகாத குடல் சில மணி நேரங்களில் அழுக ஆரம்பித்துவிடும். அப்போது ஆபரேஷன் என்பது உயிர் காக்கும் ஆபரேஷன். அழுகிய குடலை வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும்.

அதற்கான அறிகுறிகளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

படுத்தாலும் வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாக நிற்பது.
அந்த இடத்தில் திடீரென்று கடுமையான வலி. தொட்டால் தாங்காமல் இருப்பது. தோல் சிவப்பது அல்லது கறுப்பது.
வாந்தி, வயிறு உப்புசம், காற்றும் மலமும் போகாமல் இருப்பது.

இதில் வீக்கத்தோடு வலியோ வாந்தியோ சேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது. சோடாவும் ஓமத்தண்ணியும் கொடுக்கக் கூடாது. வாயில் எதுவும் தராமல் ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். 108-க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர். வயது 74. கைலிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பார். கடைக்காரர் என்பதால் பண பெல்ட் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அதை இறுக்கிக் கட்டியது இரணியாவை அடக்க. எட்டு வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறார். வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். “பையன் லீவில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்பது அவர் பதில். பையன் மூன்று முறை லீவில் வந்து போய்விட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் இஷாவுக்குப் பிறகு வாந்தி ஆரம்பித்தது. வாயு என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கைவைத்தியம் செய்தார்கள். விடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது அடுத்த நாள் லுஹர் ஆகிவிட்டது. குடலில் ஒரு பகுதி அழுகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் ஐ.சி.யூ.வில் கிடந்து வந்த அந்த உடம்பு பழைய உடம்பாகத் திரும்பவில்லை. கடையை அடைத்துவிட்டார்கள்.

அதே மஹல்லாவில் 81 வயது நன்னா ஒருவர். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இருதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பார்த்து, நாள் குறித்து, அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்தார்கள். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த வயசில் எதற்கு ஆபரேஷன்?”

இந்தக் கேள்வியைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

குடலிறக்கம் இருக்கிற எல்லோரும் உடனே ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர்களே சொல்வதில்லை. வட அமெரிக்காவில் சுமார் 720 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2006-ல் வெளியானது. தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ளவர்களில் பாதிப்பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள். மீதிப்பேரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களுக்குக் குடல் மாட்டிக்கொண்ட சம்பவங்கள் மிகக் குறைவு. 1,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் 2 பேருக்கும் குறைவு. ஆகவே தொந்தரவு இல்லாத ஆண்கள், டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லி, காத்திருப்பதில் தவறில்லை.

ஆனால் அதே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காத்திருந்தவர்களில் 65 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 10 வருடத்துக்குள் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் வலி அதிகமானதுதான் காரணம். 68 வயதில் வேண்டாம் என்று சொன்னவர் 76 வயதில் வருகிறார். அதற்குள் சர்க்கரை ஏறியிருக்கும், இருதயம் தளர்ந்திருக்கும், ஓட்டையும் பெரிதாகியிருக்கும்.

வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தில் பெரும்பகுதி அவசர ஆபரேஷனில் இருக்கிறது. சாவகாசமாக நாள் குறித்துச் செய்வதைவிட, குடல் நெரிபட்டு அவசரமாகச் செய்யும்போது உயிராபத்து பல மடங்கு. குடலை வெட்ட நேர்ந்தால் இன்னும் அதிகம். வயதை மட்டும் காரணமாக வைத்து நல்ல சர்ஜன் யாரும் மறுப்பதில்லை. இருதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை இவற்றைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஆபரேஷன் தேவைப்படப் போகிறது என்றால் அந்த நாளை டாக்டரோடு உட்கார்ந்து நாம் குறிப்போம். நோய் குறிக்கும் வரை விட்டுவிட வேண்டாம்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்கிறார்கள்?

இந்த நோய்க்குக் கத்தி வைப்பது புதிது அல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் 30-ஆம் பகுதியை அறுவை மருத்துவத்துக்கென்றே எழுதினார். குடலிறக்கத்துக்கான சிகிச்சையும் அதில் உண்டு. இன்றைய முறைக்கு அடித்தளம் போட்டவர் இத்தாலியின் எடோர்டோ பாஸினி. 1880-களில் அவர் தளர்ந்த சதை அடுக்குகளைச் சேர்த்துத் தைத்து மூடினார். அப்படி இழுத்துத் தைத்த இடம் சிலருக்கு மறுபடி விட்டுப்போனது. 1980-களில் அமெரிக்காவில் இர்விங் லிச்டென்ஸ்டீன் என்ற சர்ஜன், இழுத்துத் தைக்காமல், அந்த இடத்தில் மெல்லிய செயற்கை வலை ஒன்றை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். வலைக்குள் உடம்பின் சதையே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இன்று பெரும்பாலும் செய்வது இந்த வலை முறைதான்.

இதைத் திறந்தும் செய்யலாம். சிறு துளைகள் போட்டுக் கேமரா மூலமும் செய்யலாம். துளை முறைக்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. திறந்து செய்வதை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடிக்கலாம். இருதயம், நுரையீரல் பலவீனமான பெரியவர்களுக்கு இந்தக் கடைசி முறை பெரிய உதவி. “அத்தாவுக்கு இந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ண முடியுமா?” என்று நீங்களே டாக்டரிடம் கேட்கலாம். எல்லோருக்கும் பொருந்தாது; கேட்பதில் தவறில்லை.

வலை என்றதும், எது விலை கூடியதோ அதுதான் நல்லது என்று கடன் வாங்கப் போகிறவர்கள் உண்டு. உகாண்டாவில் 302 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளியானது. கொசுவலைத் துணியை முறைப்படி சுத்திகரித்துச் செய்த மலிவான வலையும், விலை உயர்ந்த வலையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. வீட்டுக் கொசுவலையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் வைக்கிற சாதாரண வலையை மட்டமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விதைப்பை கொஞ்ச நாள் வீங்கிக் கன்றிப்போகலாம். சிலருக்குச் சிறுநீர் இறங்காமல் ஒரு நாள் குழாய் வைக்க வேண்டிவரும். புராஸ்டேட் தொல்லை இருப்பவர்களுக்கு இது அதிகம். பத்தில் ஒருவருக்கு அந்த இடத்தில் மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலி நீடிக்கலாம். இது வயதானவர்களைவிட இளைஞர்களுக்கே அதிகம். சிறு அளவினருக்கு மறுபடி வரவும் கூடும்.

தாய்மார்கள் கவனத்திற்கு

இது ஆண்களின் நோய் என்று நினைத்து நம் தாய்மார்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பெண்களுக்குக் குறைவாக வந்தாலும் ஆபத்து அதிகம். காரணம், தொடைக்குப் போகும் ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் உள்ள குறுகலான வழியில் இறங்குகிற ஒரு வகை உண்டு. அது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். வழி குறுகல் என்பதால் எளிதில் நெரிபடும். 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், இந்த வகை 3 மாதத்துக்குள் நெரிபடும் வாய்ப்பு 22 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். சாதாரண வகைக்கு அது 3 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் பெண்களுக்குக் “காத்திருந்து பார்ப்போம்” என்பது பொருந்தாது. தொடை சேருமிடத்தில் எலுமிச்சை அளவு கட்டி இருந்தாலும் நெறிகட்டி என்று விடாமல் காட்டுங்கள். வயதான பெண்ணுக்குத் தொடர்ந்து வாந்தியும் வயிற்று உப்புசமும் இருந்தால், அந்த இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

கூச்சமும் தொழுகையும்

மறைக்க வேண்டிய இடத்தை டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. சிகிச்சைக்குத் தேவையான அளவு மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கத்தில் அனுமதி இருப்பதை நம் ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கம் ஈமானைச் சேர்ந்ததுதான்; அது உடம்பைப் பாழாக்குவதற்காக அல்ல.

ஸுஜூதுக்குப் போனால் வலிக்கிறது என்று சத்தமில்லாமல் நாற்காலிக்கு மாறியவர்கள் நம் ஸஃபிலேயே இருக்கிறார்கள். முழங்கால் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில நாட்கள் உட்கார்ந்து சைகையால் தொழுதுகொள்ளலாம். வலி குறையக் குறைய ருகூவும் ஸுஜூதும் திரும்பிவிடும். காயத்தில் தண்ணீர் படலாமா என்பதை டாக்டரிடமும், கட்டுப் போட்டிருக்கும்போது குளிப்பு, ஒளூவின் சட்டத்தை ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போக நிய்யத் வைத்திருப்பவர்கள், பயணத்துக்கு நன்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள். தவாஃபிலும் ஸயீயிலும் எவ்வளவு நடை என்று தெரியும். மொழி தெரியாத ஊரில், கூட்டத்தின் நடுவில் குடல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசியுங்கள்.

முன்னும் பின்னும்

ஆபரேஷனுக்கு முன்: சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். பீடி சிகரெட்டைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள். இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் புராஸ்டேட்டுக்கும் முதலில் வைத்தியம் பாருங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. எதை, எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும்.

ஆபரேஷனுக்குப் பின்: படுத்தே கிடக்கக் கூடாது. டாக்டர் சொன்னால் அன்றைக்கே எழுந்து நடக்க வேண்டும். பாரம் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளி வையுங்கள். தண்ணீர்க் குடமும் கேஸ் சிலிண்டரும் பாரம்தான். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம், குனிந்து தூக்க வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சீழ், பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம், சிறுநீர் இறங்காமை இருந்தால் உடனே திரும்பப் போங்கள்.

செலவும் பிள்ளைகளும்

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் இலவசமாகவே நடக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்பதைச் சேருவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் அறக்கட்டளைக்கு மனுக் கொடுங்கள். மனுவில் நோயின் பெயரை எழுதக் கூச்சமாக இருந்தால் நேரில் சொல்லுங்கள். அது என்னோடு இருக்கும்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கிற நம் சபுராளிப் பிள்ளைகளுக்கு. இந்த மடல் உங்கள் கைக்கும் வரும் என்று தெரியும். வாராவாரம் போனில் “நல்லா இருக்கீங்களா அத்தா?” என்று கேட்கிறீர்கள். “அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்” என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பாதி உண்மையாக இருக்கலாம். அடுத்த முறை “இருமினால், தூக்கினால் எங்கேயாவது வீங்குகிறதா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். வீங்குகிறது என்றால் உங்கள் லீவுக்காக அவர் காத்திருக்க வேண்டாம். கூடப் போக ஆள் இல்லை என்பதுதான் தடை என்றால் நாங்கள் போகிறோம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களே, உங்களில் யாருக்கு இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. அவரவர் மனதுக்குத் தெரியும். இன்று இரவு வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். அவர் காத்திருக்கலாம் என்று சொன்னால் நிம்மதியாக இருங்கள். செய்துவிடலாம் என்று சொன்னால் அவரிடமே நாள் கேட்டு வாருங்கள்.

நம் பெரியோருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும், அந்த ஆயுளில் ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.